கோலி உருளும் திசை

எங்கள் வீட்டுத் தரையில்
கோலிக்குண்டை எங்கே விட்டாலும்
புத்தக அலமாரிக்கே போய்ச் சேர்கிறது.
கண்டுபிடித்தவன் தானெல், ஆறு வயது.
சமையலறை வாசலிலிருந்து, கணப்படுப்பு ஓரத்திலிருந்து,
என் செருப்புக்குள்ளிருந்தும்கூட விட்டுப் பார்த்துவிட்டான்.
"அம்மா, அதுக்கும் படிக்கப் பிடிக்குது."

ஐவோவுக்கு அப்படித் தோன்றவில்லை.
ரசமட்டத்தைத் தரையில் வைத்து
குமிழி ஒரு பக்கம் ஓடுவதைக் காட்டினான் எனக்கு,
டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டும் முகத்தோடு.

தார்த்து நகரத்து மரவீடுகள்
நூறு வயதுக்குப் பிறகு எடை பார்க்கத் தொடங்குகின்றன.
நான் நூலகத்திலிருந்து திரும்பும் நாளெல்லாம்
கீழ்வீட்டு வைக்கேயின் சூப்பில் சுண்ணாம்பு உதிர்கிறதாம்.
நூலகத்துப் புத்தகம் திரும்பிப் போய்விடும் என்றேன்.
"போகிற வழியில் நான் அதைப் பார்த்ததே இல்லையே"
என்றாள்.

ஆகவே நவம்பரில்,
மூன்றரைக்கே இருட்டிவிட்ட ஒரு சனிக்கிழமை,
வாழைப்பழப் பெட்டிகள் நான்கு வந்து இறங்கின.
நாற்பது கிலோ வெளியேற வேண்டும். ஐவோவின் கணக்கு.
உன் பழைய ரேடியோக்கள் எத்தனை கிலோ என்று
நான் கேட்கவில்லை.
கேட்டேன்.
அவை எதிர்ச்சுவர் ஓரமாம்,
சமநிலைக்கு உதவுகின்றனவாம்.

காளான் கையேடு இருக்கட்டும்,
செப்டம்பரில் அதுதான் எங்களைச் சாகாமல் வைத்திருக்கிறது.
கையுறைப் பின்னல் புத்தகமும் இருக்கட்டும்,
நான்கு வருடமாய் ஒற்றைக் கையுறையோடு நிற்கிறேன்,
இன்னொரு கை பாக்கி.
பாராட்டு வாங்கியதற்காக நான் வாங்கியவை போகலாம்.
மாமியார் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தருகிற
மெலிவது எப்படி வகையறா
முதலில் போகலாம், அவைதாம் ஏகக் கனம்.

ஒரு துப்பறியும் நாவலின் அறுபத்தோராம் பக்கத்தில்
மருந்துச் சீட்டு ஒன்று: லீலோவுக்குப் பல் முளைத்த வாரம்.
அந்த வருடம் நான் படித்ததெல்லாம்
முதல் அறுபது பக்கங்கள்தாம்.
அதற்குள் தொட்டிலில் சிணுங்கல் கேட்டுவிடும்.
எத்தனையோ பிணங்களை எனக்குத் தெரியும்,
கொன்றவர் ஒருவரைக்கூடத் தெரியாது.
சீட்டை எடுக்காமலே பெட்டியில் போட்டேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

லீலோ, பதினான்கு,
புத்தகம் என்றாலே கண்ணைச் சுழற்றுபவள்.
சைக்கிள் சங்கிலியின் எண்ணெய்க் கையோடு
பெட்டிகளைத் தாண்டிப் போனாள்.
"இதையெல்லாம் காசு குடுத்தா வாங்கினே?"

ஐவோ குளியலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து
பென்சிலால் எண்ணை எழுதி வைத்தான்.
மறுநாள் காலை ஒன்றில்
கால் கிலோ குறைந்திருந்தது.
மறுபடி நிறுத்தான். தராசைத் தட்டினான்.
ஈரம் காய்ந்திருக்கும் என்றேன்.
எண்ணெய் விரல் பதிந்த அட்டை மூடியை
என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அந்த இரவும் அடுத்த இரவும்
அவள் கதவடியில் வெளிச்சக் கோடு.
வழக்கமாக "தூங்கு" என்று கத்துகிற இடம் அது.
வெறுங்காலோடு நின்றேன், தரை பனிக்கட்டி.
பக்கம் புரளும் சத்தம் எனக்குத் தெரியாதா.

வியாழன் காலை
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:
"கொன்னது யாருன்னு தெரிஞ்சு போச்சு. சொல்லட்டுமா?"
"வாயைத் திறந்தே, அவ்வளவுதான்!"
கரண்டியோடு எழுந்துவிட்டேன்.
பதின்மூன்று வருடக் கொலை அது.
"சரி, நீயே படிச்சுக்கோ.
ஆனா அந்தச் சீட்டு என்கிட்டதான் இருக்கும்,
அதுல என் பேரு இருக்கு."

பெட்டிகள் போய்விட்டன.
கோலி இன்னும் அலமாரிக்கே போகிறது.
கொஞ்சம் மெதுவாக, என்கிறான் தானெல்.
ஐவோ ரசமட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான்.
அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
இன்று கொண்டுவந்த ஆறு புத்தகங்களுக்கு அடியில்.